ஒரு சாண் இடது

பந்தைக் குழிக்குள் தள்ளுவதற்கு முன்னால் தரையைப் படிக்க வேண்டும் என்று என் கணவர் முதன்முதலில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தரையைக் கூட்டலாம், துடைக்கலாம், படிப்பதற்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கோல்ப் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

நாங்கள் அந்த மைதானத்து ஆட்கள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில், கணபதி பகுதியில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்புசெட்டுகளுக்கு வேண்டிய ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டர் பிடிப்பதும் ஆட்களைப் பார்ப்பதும் என் பொறுப்பு. மிஷின்கள் அவர் பொறுப்பு. எங்களிடம் வேலை கொடுக்கும் ஒரு பம்பு கம்பெனிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோல்ப் மைதானத்துக்கு அழைத்துப் போனார். போனவர் மத்தியானம் திரும்பி வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைக் கொஞ்சம் சாய்த்து, ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சும்மா போகிற காய்ச்சல் இல்லை என்று.

இரண்டு வருஷத்தில் அவர் உறுப்பினர் ஆனார். அடுத்த வருஷம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மில் குடும்பத்து மூன்றாம் தலைமுறையும் பெரிய டாக்டர்களும் நடமாடுகிற இடத்தில், நகக்கண்ணில் கிரீஸ் கறை போகாத ஒரு மனிதரும், சுடிதார் போட்டு நடப்பதற்கே கூச்சப்பட்ட நானும். யாரும் எங்களை ஒன்றும் சொன்னதில்லை. நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் "நீங்க எங்கே லேண்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு அது பழகிவிட்டது. அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

கோல்ப் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அதுவரை ஆகாயத்தில் அடித்துக்கொண்டு வந்த பந்து, கடைசியில் குழியைச் சுற்றியுள்ள ஒரு புல்தரைக்கு வந்து சேரும். அதற்குக் கிரீன் என்று பெயர். புல்லை மண்ணோடு ஒட்ட வெட்டியிருப்பார்கள். அங்கே பட்டர் என்கிற தட்டை மட்டையை எடுத்து, பந்தைத் தரையோடு உருட்ட வேண்டும். பார்த்தால் மட்டமாகத் தெரியும். மட்டமாக இருக்காது. குழியைப் பார்த்து நேராக அடித்தால் பந்து வளைந்து எங்கோ போய் நிற்கும். எந்தப் பக்கம் வளையும், எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே கண்டுகொண்டு, அவ்வளவு தள்ளிக் குறி வைக்க வேண்டும். இதைத்தான் தரையைப் படிப்பது என்கிறார்கள். முழங்கால் வலிக்கிற வயதில் இதற்காகக் குந்தி உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்.

கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் ஆரம்பத்தில் செய்தேன். மலை மேற்கே இருக்கிறது. நொய்யல் ஆறு கிழக்கே போகிறது. ஆகவே இந்த ஜில்லாவில் உருளக்கூடிய எதுவும் கிழக்கே உருளும் என்பது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. மைதானத்தில் பழைய உறுப்பினர்கள்கூட சந்தேகம் வந்தால் தலையைத் தூக்கி மலை எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் அடிப்பார்கள். நானும் ஒரு வருஷம் அப்படியே அடித்தேன். நாலாவது கிரீன் மட்டும் என்னை மதிக்கவேயில்லை. கிழக்கே போக வேண்டிய பந்து, மெதுவாக மனசு மாறி மலையைப் பார்த்துத் திரும்பும். பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கியதால் கிழக்குப் பக்கம் நாற்பது லோடு மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். நொய்யலுக்கு அந்த விஷயம் தெரியாது. எனக்கும் தெரியாது. என் கணவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

அவருடைய கண் அப்படி. பட்டறையில் ஒரு மிஷினை நிறுத்தும்போது ஆட்கள் ரசமட்டத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். உள்ளே நீர்க்குமிழி ஓடுகிற, உள்ளங்கை நீளத்து இரும்புக் கட்டை அது. இவர் தள்ளி நின்று ஒரு தரம் பார்த்துவிட்டு, "மேக்கால பக்கம் ஒரு தகடு வெய்யி" என்பார். தகடு வைத்தபின் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கும். ரசமட்டம் எதற்கு என்றால், தான் சொன்னது சரி என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு.

கிரீனிலும் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. அவர் படிப்பார், நான் அடிப்பேன். வருஷா வருஷம் தை மாதத்தில் மைதானத்தில் தம்பதிகள் போட்டி நடக்கும். கணவன் மனைவிக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அவர் பந்தைக் கிரீனுக்குக் கொண்டுவந்து சேர்த்தால், உருட்டுகிற முறை எனக்கு வரும். அவர் பந்துக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடி, எழுந்து, "குழிக்கு வலது பக்கம் ரெண்டு சாண்" என்பார். நான் அந்த இடத்தைப் பார்த்து அடிப்பேன். சமையலறை தவிர மற்ற எல்லா இடங்களிலும் எங்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது. இரண்டு முறை கோப்பை வாங்கினோம். ஒன்றில் இப்போது வீட்டுச் சாவிகள் கிடக்கின்றன.

போன வருஷம் பங்குனியில் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. லேசாக என்பது டாக்டர் சொன்னது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். இடது கை, இடது கால். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பேச்சு போகவில்லை. கையும் காலும் இரண்டு மாதத்தில் முக்கால்வாசி திரும்பின. கம்பு ஊன்றி நடந்தார், பிறகு கம்பில்லாமல் நடந்தார். டாக்டர், "வேற ஏதாவது வித்தியாசமா தெரியுதுங்களா?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லீங்க" என்றார். நானும் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் காலண்டர்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் அது கோணலாகத் தொங்கியது. இடது மூலை ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. காற்று என்று நினைத்து நேராக்கினேன். மறுநாளும் அதே கோணல், அதே ஒரு விரற்கடை. மூன்றாவது நாள் நான் காபி கொண்டு வரும்போது அவர் எழுந்து போய், அதைக் கவனமாக இரண்டு கையாலும் பிடித்து, இடது பக்கத்தை உயர்த்தி, ஓர் அடி பின்னால் வந்து நின்று பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். காபியை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து அவர் குளிக்கப் போகும்போது நான் அதை நேராக்குவேன். அவர் வந்து கோணலாக்குவார். இரண்டு மாதம் இந்தக் காலண்டர் குடித்தனம் நடந்தது.

இந்த இடத்தில் எங்கள் பட்டறையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மிஷினில் என்ன குறை இருந்தாலும் அதை அந்த மிஷின் மேலேயே சாக்பீஸால் எழுதி வைக்க வேண்டும். "காலையில் பத்து நிமிஷம் சும்மா ஓட விடவும்." "இந்தப் பிடி வழுக்கும்." அடுத்த ஷிப்டில் வருகிறவன் ஏமாறக் கூடாது என்பதற்காக அவர் போட்ட சட்டம் அது. குறை சரியான பிறகுதான் எழுத்தை அழிக்கலாம். வாசலோரம் நிற்கிற பழைய லேத்தில் எதைக் கடைந்தாலும் ஒரு முனை முடியளவு பருத்து வரும். அடிப்பாகம் தேய்ந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "அது பொய் சொல்லுதுதான் அம்மணி. ஆனா தெனமும் ஒரே பொய்யத்தான் சொல்லுது. எத்தனைன்னு தெரிஞ்சாப் போதும், கழிச்சுக்கலாம்" என்பார். எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் வேலையைவிட்டு அனுப்பியது ஒரே ஒரு ஆளைத்தான். அந்த ஆள் ஒரு மிஷினின் குறையைத் தெரிந்தும் எழுதாமல் விட்டவர்.

ஆவணியில் மறுபடி மைதானத்துக்குப் போனோம். முழு வீச்சு வராது, பாதி வீச்சுதான். பதினெட்டுக் குழி வேண்டாம், ஒன்பது போதும் என்று முடிவு செய்து, பேட்டரி வண்டியில் உட்கார்ந்து போனோம். ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று தொப்பியைப் பிடுங்கியது. முதல் கிரீனில் அவர் குந்த முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்து, "வலது பக்கம் ரெண்டு சாண்" என்றார். அப்படியே அடித்தேன். பந்து குழிக்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது. இரண்டாவது கிரீனிலும் வலது பக்கம் ஒரு சாண். மூன்றாவதிலும் அதேதான்.

மூன்றாவது கிரீனை விட்டு வரும்போது அவர் வண்டியில் ஏறாமல் நின்றார்.

"காலு போனாப் போகுது. கண்ணும் போச்சுன்னா நான் எதுக்கு?" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் தன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலாவது கிரீனில் அவர் காட்டிய இடத்தைப் பார்ப்பது போலவே நின்று, பாதத்தை மட்டும் கொஞ்சம் திருப்பி, ஒரு சாண் இடது பக்கமாகக் குறி வைத்து அடித்தேன். பந்து குழிக்குள் விழுந்தது. குழிக்குள் பந்து விழும்போது ஒரு சத்தம் வரும், கிணற்றில் சின்னக் கல் போட்டது போல. அவர் என்னைப் பார்த்தார். "பாத்தியா?" என்றார். பங்குனிக்குப் பிறகு அந்த முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாவதிலும் அதையே செய்தேன். ஆறாவதிலும் செய்தேன்.

நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. தப்பு அவர் கண்ணிலா, என் கையிலா? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. பட்டறைக்காரியின் புத்தி பட்டறையோடுதான் ஓடும். ரசமட்டத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் மைதானத்துக்குக் காரை எடுத்தேன். மார்கழி மாதம். புல்லெல்லாம் பனி. நாலைந்து மயில்கள் முதல் கிரீனில் நின்றுகொண்டு, இந்த நேரத்தில் உனக்கு இங்கே என்ன வேலை என்பது போலப் பார்த்தன. நான் குந்தி உட்கார்ந்து ரசமட்டத்தைப் புல்மேல் வைத்தேன். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது. ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தேன். மறு ஓரத்துக்கு ஓடியது. புல்லுக்கு ரசமட்டம் என்றால் என்னவென்று தெரியாது. லேத்துக்குத் தெரியும்.

புல்வெட்டும் மிஷினை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். தலைக்கு மப்ளர், காலுக்கு ரப்பர் பூட்ஸ். மிஷினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"ஏனுங்க, கிரீன் மேல இரும்பு வெக்கக் கூடாதுங்க. பாத்தா என்னையத்தான் கேப்பாங்க."

"மட்டம் பாக்கறனுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் ரசமட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மட்டம் பாக்க இது எதுக்குங்க? ஒருக்காப் பந்த உருட்டி உடுங்க. பனியில தடம் உழுகுமில்லீங்க" என்றார். பிறகு மிஷினில் ஏறி, "சீக்கிரமாப் பாத்துக்குங்க. நான் வெட்டிப்போட்டா அதும் போயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கிரீனை முதலில் வெட்டப் போனார்.

உருட்டினேன். பனி படிந்து வெள்ளையாக இருந்த தரையில் பந்து போன வழி பச்சையாக, ஒரு கோடு போட்டது போலத் தெரிந்தது. எங்கே நேராகப் போனது, எங்கே வளைய ஆரம்பித்தது, எங்கே தளர்ந்து விழுந்தது எல்லாம் தெரிந்தது. எட்டு வருஷமாக அந்தத் தரையில் நடந்திருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று அன்றைக்குத்தான் நானே பார்த்தேன். அதுவரை அவர் கண் வழியாகப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. வந்த காரியம் மறந்து கால் மணி நேரம் சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன்.

மார்கழி முழுக்க, வாரத்தில் மூன்று நாள் போனேன். தடத்தைப் பார்த்து நோட்டில் வரைந்துகொள்வேன். புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். நம்மை விட்டு விலகிப் படுத்திருந்தால் பளபளக்கும், பந்து ஓடும். நம்மை நோக்கிப் படுத்திருந்தால் கருத்துத் தெரியும், பந்து இழுக்கும். பாதிவழியில் நின்று இரண்டு பாதத்திலும் எந்தப் பாதத்தில் பாரம் கூடுதல் என்று பார்த்தால் சரிவு தெரியும் என்பதையும் கண்டுகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரோடு போகும்போது, அவர் சொல்வதை நோட்டோடு மனதுக்குள் ஒப்பிடுவேன். எந்தக் கிரீனாக இருந்தாலும், எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும், பத்து தப்படி தூரத்துக்கு அவர் ஒரு சாண் கூடுதலாக வலது பக்கம் சொன்னார். மட்டமான தரை அவருக்கு இடது பக்கம் சாய்ந்து தெரிந்தது. காலண்டரும் அதைத்தான் சொல்லியிருந்தது. என் கை சரிதான். தப்பு அவர் கண்ணில்தான்.

இதைத் தெரிந்துகொண்ட அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாண் இடது பக்கம் அடித்தேன். பந்து விழுந்தது. அவர் சாப்பாடு கூடியது. பட்டறைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து உட்காரத் தொடங்கினார். ஸ்டூலைச் சுவரோரத் தூண் பக்கம் போட்டுக்கொண்டு ஆட்களை அதட்டினார். நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் சாப்பிடும்போது சொன்னார்: "பெங்களூரிலிருந்து பெரிய மிஷின் வந்துரும். போட்டி முடிஞ்ச மறு புதன்கிழமை எறக்கிப்போடலாம். நானே நின்னு எறக்கறேன்."

பட்டறைக்கு நாங்கள் ஆர்டர் கொடுத்திருந்த புது மிஷின் அது. அந்த மிஷின் மூன்று டன். செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் தூக்கி, ஆள் உயரத்தில் அந்தரத்தில் நிறுத்தி, அஸ்திவார போல்ட்டின் மேல் இறக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது ரசமட்டம் வைக்க முடியாது. தள்ளி நிற்கிற ஒருவர் கண்ணால் பார்த்து, இந்தப் பக்கம் ஏற்று, அந்தப் பக்கம் இறக்கு என்று கையைக் காட்டுவார். கீழே நாலு பேர் மிஷினில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். கையைக் காட்டுகிறவருக்கு நேரானது சாய்ந்து தெரிந்தால், அவர் அதை நேராக்குவதாக நினைத்துச் சாய்ப்பார். சங்கிலி வழுக்கினால் கீழே நிற்கிறவன் எழுந்திருக்க மாட்டான்.

"டாக்டரை ஒருக்கா கேட்டுக்கலாமுங்களா?" என்றேன்.

"எதுக்கு? கிரீன்ல பாத்தியல்ல? கண்ணு பழையபடி வந்துருச்சு" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோரை ஊற்றினேன். அப்போதும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு வலிக்கும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதி, இத்தனை நாள் ஏமாற்றினேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம்.

போட்டியன்று வெயில் நன்றாக இருந்தது. எங்களோடு ஒரு டாக்டர் தம்பதி ஆடினார்கள். முதல் எட்டுக் குழியிலும் நான் வழக்கம்போல ஒரு சாண் இடது பக்கம் அடித்தேன். ஆறு விழுந்தன. டாக்டரம்மா, "உங்க ஊட்டுக்காரர் கண்ணு இருக்குதே, எக்ஸ்ரே மெஷினுங்க" என்றார். என் கணவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

ஒன்பதாவது கிரீன், போட்டியில் அதுதான் கடைசி. பத்து தப்படி தூரம். இது விழுந்தால் மூன்றாவது கோப்பை. அவர் குந்திப் பார்த்தார். அந்த அளவுக்குக் கால் தேறியிருந்தது. எழுந்து, "வலது பக்கம் ரெண்டு சாண் அம்மணி" என்றார்.

என் பாதங்களுக்கும் நோட்டுக்கும் ஒரு சாண்தான் சரி என்று தெரியும். பந்தின் பக்கத்தில் நின்றேன். புதன்கிழமை கீழே நிற்கப்போகிற நாலு பேரும் யார் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்குச் சின்னக் குழந்தைகள். வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. டாக்டர் தம்பதி வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காட்டிய இடத்தை, அவர் காட்டியபடியே, பாதத்தைக் கொஞ்சமும் திருப்பாமல் பார்த்து அடித்தேன்.

பந்து அழகாகப் போனது. குழிக்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளி நின்றது.

"ச்சே, கொஞ்சத்துல போச்சுங்களே" என்றார் டாக்டரம்மா. அடுத்த முறை என் கணவருடையது. பந்தின் பக்கத்தில் போய் நின்று, குழிக்கும் பந்துக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தட்டி உள்ளே போட்டார்.

பேட்டரி வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"இன்னைக்குத்தான் நான் சொன்ன எடத்துல அடிச்சிருக்கறே" என்றார்.

நான் பட்டரைப் பையில் செருகினேன்.

"ஆவணியிலிருந்து உன்ற பாதத்தத்தான் பாத்துட்டு இருக்கறேன். நான் ஒரு எடம் சொல்றேன், உன்ற காலு ஒரு எடத்தப் பாக்குது, பந்து உள்ள போகுது. எனக்கு அது கூடத் தெரியாதா?"

"வெசனப்படுவீங்கன்னுதானுங்க…"

"வெசனமெல்லாம் மொத நாளே பட்டாச்சு. நீயா வாயத் தொறப்பியான்னு பாத்தேன். தொறக்கலே. செரி, மிஷின் எறக்கறேன்னு ஒரு தேதிய வெச்சேன். அப்பவாச்சும் சொல்லிப்போடுவியான்னு பாத்தேன். மோர ஊத்தறே."

எனக்குக் கோபம் வந்தது. என்னைச் சோதித்தாரே என்று கோபம். "அப்ப நெசமாவே எறக்கியிருப்பீங்களா?" என்று கத்தினேன்.

"நான் செயினத் தொட்டிருக்க மாட்டேன் அம்மணி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஆனா நீ உட்டிருப்பே."

அதற்குப் பிறகு நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. தோளைத் தட்டவும் இல்லை. அழுது முடிக்கும்வரை மட்டையின் முனையில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை?" என்றார் பிறகு.

"என்னதுங்க?"

"எத்தனை தப்பாச் சொல்றேன்? நீ அளந்திருப்பே. ரசமட்டம் பொட்டியில காங்காம நான் தேடாத எடமில்ல."

"பத்து தப்படிக்கு ஒரு சாணுங்க."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"ஒரே பக்கமாவா?"

"ஒரே பக்கந்தானுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். பல மாதங்களாகத் தேடிய சாமான் கிடைத்துவிட்ட ஆள் விடுகிற பெருமூச்சு அது. "அப்பக் கழிச்சுக்கலாம்" என்றார். "இத நீ ஆவணியிலேயே சொல்லியிருந்தா நான் ஆவணியிலேயே கழிச்சிருப்பேன்."

புதன்கிழமை மிஷின் இறங்கியது. எங்கள் பட்டறையின் மூத்த ஆள் தள்ளி நின்று கையைக் காட்டினார். என் கணவர் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை வாயைத் திறக்காமல் நின்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. போல்ட்டில் உட்கார்ந்த பிறகு ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, ஒரு தகடு வைக்கச் சொன்னார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை நான் பட்டறைக்குப் போனபோது ஆட்கள் அவருடைய ஸ்டூல் பக்கத்துத் தூணைச் சுற்றி நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் விலகினார்கள். தூணில் அவருடைய கையெழுத்தில், மிஷின்களின் மேல் எழுதுகிற அதே அளவு எழுத்தில், சாக்பீஸால் எழுதியிருந்தது:

"முதலாளி: நேரானது இடது பக்கம் தாழ்ந்து தெரியும். ரசமட்டம் வைத்துச் சரிபார்க்கவும்."

அதன் கீழே இன்னொரு வரி:

"அம்மா: தெரிந்தாலும் சொல்லமாட்டார். இரண்டு தரம் கேட்கவும்."

ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று என்னிடம் கேட்கிற பார்வை. எனக்குக் காதுவரை சூடேறியது. ஆபீஸ் அறைக்குள் போய், பாட்டில் தண்ணீரில் ஒரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். தூணுக்கு முன்னால் நின்று இரண்டு வரிகளையும் மறுபடி படித்தேன். ஒரு வார்த்தை தப்பில்லை. குறை சரியான பிறகுதான் அழிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போகிறோம். அவர் ஓர் இடம் சொல்வார், ஒரு சாண் கழித்துக்கொண்டு இன்னோர் இடம் சொல்வார். நானும் என் இடத்தைச் சொல்வேன். சில நாள் சண்டை வரும். பந்து முன்னைவிடக் குறைவாகத்தான் விழுகிறது. வீட்டில் காலண்டர் மாட்ட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுகிறார்.

தூணில் எழுதியது அப்படியே இருக்கிறது. ஆட்கள் உரசி உரசி, சாக்பீஸ் மாதத்துக்கு ஒரு தரம் மங்கிப்போகும். முதல் வரியை அவர் திருப்பி எழுதுவார். இரண்டாவது வரியை நான் எழுதிக்கொள்கிறேன்.